கந்தோர் தேடிக் கொழும்பில் ஒரு கிழமை

திங்கள், வெள்ளவத்தை

யாழ்ப்பாண நகரத்தில் கட்டட வரைபடம் வரைவது என் தொழில். ஆஸ்பத்திரி வீதிக்குக் கிட்ட மூன்று பரப்புக் காணி வைத்திருக்கும் ஒருவர், கந்தோர்களுக்கு, அதாவது அலுவலகங்களுக்கு, வாடகைக்கு விட நான்கு தளக் கட்டடம் ஒன்று கேட்டிருக்கிறார். நிலத்தளம் முழுவதும் கார் தரிப்பிடமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய முதல் நிபந்தனை. "கார் விட இடமில்லாட்டி ஒருத்தரும் வாடகைக்கு வரமாட்டினம் பிள்ளை" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கொழும்புக்குப் போய் வந்து பதில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஏன் கொழும்பு? யாழ்ப்பாணம் இன்று தீர்மானிக்க வேண்டிய பல விஷயங்களைக் கொழும்பு முப்பது நாற்பது வருடங்களுக்கு முன்பே தீர்மானித்துவிட்டது. கந்தோர்களை நகர நடுவில் வைப்பதா வெளியே கொண்டுபோவதா, வீதியைக் காருக்குக் கொடுப்பதா பஸ்ஸுக்குக் கொடுப்பதா, பழைய கட்டடங்களை இடிப்பதா திருத்துவதா என்று எல்லாம் அங்கே நடந்து முடிந்து, விளைவும் கண்முன்னே கிடக்கிறது. உலகப் பெருநகரங்களோடு ஒப்பிட்டால் கொழும்பும் ஒரு சிறிய நகரம்தான். மாநகர சபை எல்லை 37 சதுர கிலோமீட்டர். 2012 சனத்தொகைக் கணக்கில் அதற்குள் இருந்தவர்கள் 5 லட்சத்து 60 ஆயிரம் சொச்சம் பேர். நெரிசலில் பெரும்பகுதி காலையில் வெளியிலிருந்து உள்ளே வந்து, மாலையில் திரும்பிப் போகிறவர்களால்.

இரவு பஸ் விடிகாலையில் வெள்ளவத்தையில் இறக்கிவிட்டது. இறங்கியவர்களில் பாதிப்பேர் கையில் கோப்பு. பிளாஸ்ரிக் உறைக்குள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலர் கடிதம். உறவினர் வீட்டில் முகம் கழுவி, ஒரு ரீ குடித்து, எட்டரைக்கு ஏதாவது ஒரு திணைக்களத்தின் வாசலில் நிற்க வேண்டும் இவர்கள். கந்தோர் என்றதும் அதற்குள் வேலை செய்பவர்களை மட்டும் நினைத்துக் கட்டுகிறோம். வாசலுக்கு வருகிறவர்களையும் எண்ண வேண்டும் என்பதை அந்த பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இந்தப் பயணத்தின் முதல் குறிப்பாக எழுதிக்கொண்டேன்.

சின்னம்மா வீடு காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில். முன்பு தனி வீடுகள் இருந்த ஒழுங்கை, இப்போது இரு பக்கமும் தொடர்மாடி. எல்லாவற்றுக்கும் நிலத்தளத்தில் தூண்களும் கார்களும். வீதி மட்டத்தில் ஒரு கடையோ திண்ணையோ கிடையாது. ஒழுங்கையில் நடக்கும்போது வலமும் இடமும் இரும்புக் கதவுகள்தான். காலி வீதிக்கு வந்ததும் உயிர் வருகிறது: புடவைக் கடை, புத்தகக் கடை, மரக்கறி, நகை, சாப்பாடு. நிலத்தளத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் ஒரு வீதி நடக்கத் தகுந்ததா என்பதைத் தீர்மானிக்கிறது.

செவ்வாய், கோட்டை

வெள்ளவத்தையில் கரையோர ரயில் ஏறினேன். காலை நேரத்துக் கந்தோர் ரயில், வாசல்வரை ஆட்கள். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, அதற்கு அடுத்ததாகக் காலிமுகத்திடலுக்குப் பின்னால் செயலகத் தரிப்பிடம் என்று ஒரு சிறிய நிறுத்தம். முன்னாள் பாராளுமன்றமும் செயலகமும் பக்கத்தில் இருந்ததால் அங்கே ரயிலை நிறுத்தினார்கள். பழைய பாராளுமன்றக் கட்டடம் 1930இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்து எழுதுவினைஞர்கள் மொரட்டுவையிலோ பாணந்துறையிலோ ரயில் ஏறி, இங்கே இறங்கி, நடந்து கந்தோருக்குப் போயிருப்பார்கள். கந்தோர் இருக்கும் இடத்தில் ரயில் நிற்கிறது. நகரத்தைத் திட்டமிடும் எவரும் இந்தச் சிறிய நிறுத்தத்தில் ஒருநாள் இறங்கிப் பார்க்க வேண்டும்.

கோட்டை நிலையத்தில் இறங்கி யோர்க் வீதி வழியாக நடந்தேன். கார்கில்ஸின் சிவப்புக் கட்டடம், சதாம் வீதி முனையில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாகவும் இருந்த மணிக்கூட்டுக் கோபுரம், பழைய வங்கிக் கட்டடங்களின் நீண்ட தாழ்வாரங்கள். மழையோ வெயிலோ படாமல் ஒரு வீதி முழுவதும் நடக்கலாம். கட்டியவர்கள் காலனித்துவ வியாபாரிகள், அவர்கள் கணக்கு வேறு. ஆனாலும் நடந்து வருகிறவனை நினைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இந்த இடம் ஏன் வெறுமையானது என்பதை எங்களைப் போன்றவர்கள் நேராகச் சொல்ல வேண்டும். 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கியில் புலிகளின் லொறிக் குண்டு வெடித்தது. 90க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், பெரும்பாலும் கந்தோர் வேலைக்கு வந்தவர்களும் வீதியில் போனவர்களும். 1997 ஒக்டோபர் 12இல் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களைத் திறந்தார்கள், மூன்றாம் நாள் அதன் பக்கத்தில் இன்னொரு குண்டு. அதன்பிறகு கோட்டை உயர்பாதுகாப்பு வலயமானது. வீதிகளை மறித்தார்கள், சோதனைச் சாவடிகள் முளைத்தன. கொம்பனிகள் ஒவ்வொன்றாகக் கொள்ளுப்பிட்டிக்கும் யூனியன் பிளேஸுக்கும் நாவலைக்கும் நகர்ந்தன. வடக்கிலிருந்து அலுவலாக வந்த தமிழர்கள் பட்டபாடு தனிக்கதை. 2007 ஜூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றினார்கள், உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது.

உள் வீதியொன்றில் சிறிய தேநீர்க் கடை. முதலாளிக்கு எழுபது இருக்கும்.

"நானா, இங்க எவ்வளவு காலமா?" என்று கேட்டேன்.

"வாப்பாட கடை, மகள். எண்பதுகள்ல பகலுக்கு இங்க நிக்க இடம் கிடைக்காது. வங்கிக்காரங்க, கப்பல் கொம்பனிக்காரங்க, கச்சேரி அலுவலா வந்தவங்க எல்லாரும். குண்டுக்குப் பொறகு ரோட்ட மூடினாங்க. சண்டை முடிஞ்சாப் பொறகும் தொறக்கல்ல. கொம்பனி ஒருதரம் போனா திரும்ப வாறதில்ல. அங்க கார் நிறுத்த எடம் கட்டிட்டாங்க தானே."

கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. போன கந்தோர்கள் புதிய இடத்தில் நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிப்படி தளப் பரப்புக்கு ஏற்பத் தரிப்பிடம் கட்டின. பணத்தை அதில் கொட்டிய பிறகு, கார் நிறுத்த இடமே இல்லாத 19ஆம் நூற்றாண்டு வீதிக்கு யார் திரும்பி வருவார்கள்? குண்டுச் சத்தம் ஓய்ந்து இத்தனை வருடமாகியும் கோட்டையை வெறுமையாக வைத்திருப்பதில் தரிப்பிட விதிக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

முற்றிலும் வெறுமை என்றும் சொல்ல முடியாது. ஒல்லாந்தர் கால வைத்தியசாலை 2011இல் கடைகளும் உணவகங்களுமாக மாறி, மாலையில் ஆட்கள் நிறைகிறார்கள். 2024 செப்டம்பரில் ஜனாதிபதி மாளிகையைச் சுற்றிய வீதிகளைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சின்ன வயதில் அப்பாவோடு வந்தபோது துப்பாக்கியோடு நின்றவர் திருப்பி அனுப்பிய வீதியில் இன்று பிள்ளைகளுடன் குடும்பங்கள் படம் எடுக்கின்றன. பழைய பிரதான தபாலகத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அவ்வளவு பெரிய, அவ்வளவு அழகான கட்டடம். ஒரு திணைக்களத்தின் மக்கள் சேவைப் பிரிவு முழுவதையும் அதில் வைக்கலாம். கோட்டை ரயில் நிலையத்திலிருந்தும் புறக்கோட்டை பஸ் நிலையத்திலிருந்தும் கிழவியும் நடந்து வரக்கூடிய தூரம்.

புதன், பத்தரமுல்லை

இன்று முழுநாளும் அங்கேதான் போனது.

1982இல் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேக்குப் போனது. அதன் பின்னால் அமைச்சுகளும் திணைக்களங்களும் பத்தரமுல்லைப் பக்கம் நகரத் தொடங்கின. செத்சிறிபாய, இசுறுபாய, சுஹுறுபாய என்று பெரிய வளாகங்கள். 2019இல் இராணுவத் தலைமையகமும் அகுரேகொடைக்குப் போனது. கொழும்பின் நெரிசலைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு, நோக்கத்தில் பிழை காண முடியாது. ஆனால் பத்தரமுல்லைக்கு ரயில் கிடையாது. நாட்டின் நிர்வாகம் நகர்ந்த இடத்துக்கு ரயில் நிலையம் கட்டாமல் கந்தோர்களைக் கட்டிவிட்டார்கள்.

ரயில் வருவதாக இருந்தது. மாலபேயிலிருந்து பத்தரமுல்லை, ராஜகிரிய, பொரளை வழியாகக் கோட்டைவரை இலகு ரயில், சுமார் 16 கிலோமீட்டர், தூண்களின் மேல். ஜப்பானிய ஜைக்கா நிறுவனத்துடன் 2019 மார்ச்சில் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2020 செப்டம்பரில் செலவு அதிகம் என்று சொல்லி அரசாங்கம் ரத்துச் செய்தது. அதே வழியில் 2018இல் திறந்த ராஜகிரிய மேம்பாலம் இருக்கிறது. அதன் மேல் கார் வேகமாகப் போய் அடுத்த சந்தியில் நிற்கிறது. பஸ்ஸுக்கென ஒரு தடம் ஒதுக்கி 2017இல் பரீட்சித்தார்கள். மேம்பாலத்துக்குச் செலவழித்ததில் ஒரு சிறு பங்குகூட அதற்குத் தேவைப்பட்டிருக்காது: வெள்ளைக் கோடும், பொலிஸ்காரரும், தளராத மனமும் போதும்.

நான் 101இல் கொள்ளுப்பிட்டி வந்து, அங்கே 177 பிடித்தேன். பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா, மடியில் சாக்குப் பை, பைக்குள் கோப்பு.

"தங்கச்சி, இந்த எடம் வந்தா கொஞ்சம் சொல்றீங்களா?" என்று ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார். சிங்களத்தில் எழுதியிருந்தது. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம். நடுச்சாமத்தில் கிளம்பியிருக்கிறார். மகளின் பத்திரத்தில் பெயரில் ஓர் எழுத்து மாறிப் பதிந்திருக்கிறது, அதனால் வெளிநாட்டு வேலைக்கான தாள்கள் நிற்கின்றன. கோட்டையில் இறங்கியவரை யாரோ தவறான பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள், கொள்ளுப்பிட்டி வந்து மாறியிருக்கிறார்.

ராஜகிரியவில் பஸ் நின்றது நின்றதுதான். முன்னும் பின்னும் கார், ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் ஒருவர். வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் நீங்கிய பிறகு புது இலக்கத் தகடுகள் கூடிக்கொண்டே வருகின்றன. நடத்துநர் கதவில் தொங்கியபடி ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1979இல் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுத்த நாளிலிருந்து, அன்றன்று ஏற்றும் ஆட்களைப் பொறுத்துத்தான் சாரதிக்கும் நடத்துநருக்கும் சம்பளம். ஆள் இல்லாத இடத்தில் காத்துக் கிடப்பதும், முன்னால் போகும் பஸ்ஸை முந்த ஓடுவதும் அந்தக் கணக்கால் வருகிறது. நேர அட்டவணைக்குச் சம்பளம் கொடுத்தால் நேரத்துக்கு ஓடுவார்கள்.

அந்த அம்மாவுடன் நானும் இறங்கினேன். பஸ் தரிப்பிடத்திலிருந்து வளாகத்தின் நுழைவாயில் ஒரு பக்கம், அவர் போக வேண்டிய கட்டடம் இன்னொரு பக்கம். நடுவில் கார்களின் வெளி. நிழலில்லாத தார்த்தரையில், நிறுத்தியிருந்த வாகனங்களுக்கு நடுவே நடந்து போனோம். உள்ளே ஒரு பிரதி குறைகிறது என்றார்கள். பிரதி எடுக்கும் கடை பிரதான வீதிக்கு அப்பால். திரும்ப அதே வெயிலில் நடந்து, வீதியைக் கடந்து, பிரதி எடுத்து, திரும்பி வரும்போது பகல் சாப்பாட்டு நேரம். அவர் மறுபடி வரிசையில் நின்று வேலை முடித்தபோது மணி மூன்று. "இன்னைக்கே முடிஞ்சிருச்சே, அதுவே சாமி புண்ணியம்" என்றார். கடைசி பஸ்ஸைப் பிடிக்க கோட்டைக்கு ஓட்டோவில் போனார். அந்தக் காசு அவருடைய எத்தனை நாள் சம்பளம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

புதுக்கடையில் நீதிமன்றத்தைச் சுற்றிப் போனால் தெரியும். தட்டச்சுக்காரர், பிரதிக் கடை, முத்திரை விற்பவர், சமாதான நீதவான், நொத்தாரிசு, சோற்றுக் கடை எல்லாம் ஒரு கூப்பிடு தூரத்தில். ஒரு தாள் குறைந்தால் பத்து நிமிடத்தில் சரி செய்யலாம். கந்தோர் நகரத்துக்குள் இருந்தால் அதைச் சுற்றி இந்தச் சிறு தொழில்களெல்லாம் தானாகவே வளரும், யாரும் திட்டமிட வேண்டியதில்லை. கந்தோரைத் தூக்கித் தரிப்பிடத்துக்கு நடுவே வைத்தால், அவை வீதிக்கு அப்பால் தள்ளப்படுகின்றன. அதன் விலையைக் காரில் வருகிறவர் கொடுப்பதில்லை. மஸ்கெலியாவிலிருந்து வந்தவர் கொடுக்கிறார். எனக்கு இன்று கோபம், அதை மறைக்க விரும்பவில்லை.

வியாழன், புறக்கோட்டை

பகல் முழுவதும் மழை. செட்டியார் தெருவில் சின்னம்மாவின் சங்கிலி திருத்தக் கொடுத்துவிட்டு, குறுக்குத் தெருக்களில் கொஞ்சம் நடந்தேன். மூட்டை சுமக்கும் நாட்டாமைமார், லொறிகள், கைவண்டிகள், நடுவே யாரோ ஒருவர் காரை நகர்த்த முடியாமல் நிற்கிறார். இங்கே கார் தோற்றுப்போகிறது, வியாபாரம் நடக்கிறது. மெனிங் சந்தையை 2020இல் பேலியகொடைக்கு மாற்றியதால் லொறி நெரிசல் குறைந்தது உண்மை. மொத்த வியாபாரத்தை வெளியே கொண்டுபோவதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அது லொறியில் வருகிறது. மனிதர்கள் நடந்து வருகிற அலுவலை அதே கணக்கில் தூக்கக்கூடாது.

வெள்ளி, மருதானை

மச்சான் முறையான ஒருவன் மருதானையில் ஒரு மென்பொருள் கொம்பனியில் வேலை செய்கிறான். திரிபோலி மார்க்கெட் என்று சொல்லும் இடம், ரயில் பாதைக்குப் பக்கத்தில் பிரித்தானியர் காலத்துக் கிடங்குகள். நெடுங்காலம் பாழடைந்து கிடந்த அவற்றை நகர அபிவிருத்தி அதிகார சபை திருத்தி, 2014இல் ட்ரேஸ் என்ற பெயரில் தொழில்நுட்பக் கொம்பனிகளுக்குக் கொடுத்தது. போய்ப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. தடித்த சுவர், உயர்ந்த கூரை, கிடங்குகளுக்கு நடுவே மரங்கள், நடக்கும் வெளி. எதையும் இடிக்காமல் இன்றைய கந்தோர் ஒன்றை எப்படி அமைக்கலாம் என்பதற்கு எங்கள் நாட்டிலேயே இருக்கும் நல்ல பாடம் இது.

"எப்பிடியடா வாறனீ?"

"வெள்ளவத்தையில ரயில் ஏறினா மருதானையில இறக்கம் மச்சாள். பிறகு நடை. கார் வாங்கச் சொல்லி அம்மா நெருக்குறா. வாங்கி எங்க விடுறது?"

கிழமையில் மூன்று நாள் கந்தோர், மிச்ச நாள் வீட்டிலிருந்து வேலை. மேசைகளில் யாருடைய பெயரும் இல்லை, வந்தவர் இருக்கலாம். கொரோனாவில் தொடங்கி 2022 எரிபொருள் நெருக்கடியில் நிலைத்த பழக்கம் என்றான். அந்த வருடம் பெட்ரோல் வரிசையில் நாட்கணக்காக நின்றதை யாரும் மறக்க முடியாது. கியூஆர் அட்டையில் லீட்டர் எண்ணிக் கொடுத்தார்கள். ஜூனில் அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். அப்போது அவனுடைய கொம்பனியில் தடையின்றி வந்து போனவர்கள் ரயில் பாதையோரம் இருந்தவர்கள்தானாம். மாலபேயில் கந்தோர் வைத்திருந்த நண்பர்களால் அசையவே முடியவில்லை.

கந்தோர் என்ற ஏற்பாடே ஒழியப்போகிறது என்று சிலர் பேசுகிறார்கள். நான் நம்பவில்லை. சிறியதாகும், ஆட்கள் எல்லா நாளும் வரமாட்டார்கள், அதனால் வருகிற நாளில் வரத் தகுந்த இடமாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக் கடை, வங்கி, பிள்ளையின் வகுப்பு, கோயில், ரயில் எல்லாம் நடை தூரத்தில் இருந்தால் ஆள் வரும். மூன்று நாள் மட்டும் நிறையும் கந்தோருக்காக மிச்ச நான்கு நாளும் வெறுமையாகக் கிடக்கும் தரிப்பிடம் கட்டுவது காசைப் புதைப்பதுதான்.

சனி, கொள்ளுப்பிட்டி

இன்று சின்னம்மாவின் அயலவர் ஒருவருடைய காரில் போனேன், காரோட்டியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? டூப்ளிகேஷன் வீதியில் ஓர் அலுவல். வெள்ளைக் கோடு போட்ட பெட்டிகளெல்லாம் நிறைந்திருந்தன. பக்கத்து ஒழுங்கைகளைச் சுற்றிச் சுற்றி வந்தோம். சுற்றிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் மட்டுமல்ல, முன்னால் போன வெள்ளை வானையே மூன்று முறை கண்டோம். இப்படி இடம் தேடிச் சுற்றும் வாகனங்களும் நெரிசலில் சேர்த்தி. கட்டணம் சீட்டுக் கொடுப்பவரிடம் கட்டினார் அயலவர். அந்தக் கட்டணம் பக்கத்துக் கடைகளின் வாடகையோடு பார்க்கத் தூசு. ஒரு பேர்ச் கோடியைத் தாண்டும் நிலத்தில், கார் ஒன்று ஒரு மணித்தியாலம் நிற்க ஒரு சோற்றுப் பார்சலின் விலைகூட இல்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு காரை நிறுத்த 2.4 மீட்டருக்கு 4.8 மீட்டர் போதும். ஆனால் திருப்பி எடுக்க வழி, சரிவு, தூண் எல்லாம் சேர்த்தால் 25 சதுர மீட்டர் தேவை, அதாவது ஒரு பேர்ச். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு. ஆக ஒரு பரப்பில் பத்துக் கார். மூன்று பரப்புக் காணியில், சுற்றுவெளி விட்டுக் கட்டக்கூடியது ஏறக்குறைய இருபது பேர்ச். படியும் லிப்டும் போக நிலத்தளத்தில் பதினாறு கார் நிற்கும். மேலே மூன்று தளம், ஒவ்வொன்றும் 500 சதுர மீட்டர். ஆளுக்குப் பத்துச் சதுர மீட்டர் வைத்தால் 150 பேர் வேலை செய்யலாம். 150 பேரில் பதினாறு பேருக்காக வீதியோரத்து நிலத்தளம் முழுவதையும் கொடுப்பதா? மிச்சப்பேர் பஸ்ஸிலும் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும்தான் வருவார்கள். வாடிக்கையாளரும் அப்படியே.

காணிக்காரருக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப கார்க்காரர் என்ன செய்யிறது?"

"பின்பக்கம் ஆறு கார் விடலாம் ஐயா. முன்பக்கம் நாலு கடை, அதுக்கு முன்னால நடைபாதையோட சேர்த்து விறாந்தை. பக்கத்தில சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கூரை போட்ட கொட்டில். கடை வாடகைய யோசிச்சுப் பாருங்கோ."

"சபையில விடுவினமோ?"

"விதியில குறையிற இடத்துக்கு என்ன செய்யலாமெண்டு நானே போய்க் கதைக்கிறன்."

இரண்டு விதமாகவும் கீறிக் கொண்டு வரச் சொன்னார். அதுவே எனக்குப் பெரிய சந்தோசம்.

ஞாயிறு, ரயிலில்

அநுராதபுரம் தாண்டியாயிற்று. யாழ்ப்பாணம்வரை ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது 2014 ஒக்டோபரில். இருபது வருடத்துக்கும் மேலாக இல்லாமல் இருந்த ஒன்று. பாதை வந்துவிட்டது, ஆனால் யாழ்ப்பாண நிலையத்தைச் சுற்றி நடை தூரத்தில் மக்கள் போய்வரும் புதிய கந்தோர் எதையும் நாங்கள் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை.

கொண்டுபோனது கைதடிக்கு. வடக்கு மாகாண சபைக் கட்டடமும் மாகாணத்தின் பல அலுவலகங்களும் அங்கே, நகரத்துக்கு வெளியே A9 வீதியில். கைதடி பத்தரமுல்லை அளவுக்கு மோசமில்லை. A9 பஸ்கள் வாசலால் போகும், சாவகச்சேரி, கிளிநொச்சிப் பக்கத்தவர்களுக்கு அது வசதியும்கூட. ஆனால் காரைநகரிலிருந்து வருகிறவர் யாழ்ப்பாணம் வந்து இன்னொரு பஸ் எடுக்க வேண்டும். நெடுந்தீவிலிருந்து வருகிறவர் படகில் குறிகட்டுவான் வந்து, பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து, அதற்குப் பிறகு கைதடி. கடல் குழம்பினால் அதுவும் இல்லை.

அடுத்து ஒரு திணைக்களத்துக்கு இடம் தேடும்போது, எத்தனை கார் விடலாம் என்ற கேள்வி கடைசியாக வரட்டும். காலை முதல் படகில் வருகிறவர் பன்னிரண்டு மணிக்கு முன் கவுண்டரில் நிற்க முடியுமா, பின்னேரப் படகுக்குத் திரும்ப முடியுமா என்பதை முதலில் பார்க்கட்டும். நகரத்துக்குள் பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடங்கள் இருக்கின்றன. பஸ் நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவிலேயே சில இருக்கின்றன. மருதானைக் கிடங்குகளைத் திருத்த முடிந்தால் இவற்றையும் திருத்தலாம். எல்லாக் கிளையையும் கொண்டுவர முடியாவிட்டாலும், பொதுமக்கள் தாள் கொடுத்து வாங்கும் கவுண்டர்களையாவது நகரத்தில் வைக்கலாம். மிச்ச அலுவலர்கள் கைதடியில் இருந்து வேலை செய்யட்டும், கோப்பு இப்போது கணினியில் போகிறதுதானே.

இந்தக் கிழமை முழுவதும் எழுதிய கணக்குகளை ஒழுங்காக ஒரு கடிதமாக்கி, மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் மாநகர சபைக்கும் மாகாண சபைக்கும் அனுப்பப்போகிறேன். நெடுந்தீவு, காரைநகர், மருதங்கேணிப் பக்கத்தவர்கள், கந்தோர் அலுவலுக்கு வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எத்தனை பஸ் மாறினீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள் என்று எழுதித் தந்தால் அதோடு சேர்த்துவிடுவேன். பெயர் வேண்டாம். ஊரும் நேரமும் போதும்.